வாயின் சாட்சியம்

வாய் வேக்காடு என்று ஒரு சொல் நம் வீடுகளில் புழங்குகிறது. காரம் பட்டால் எரிகிறது, டீயை ஆற்றாமல் குடிக்க முடியவில்லை, உள்கன்னம் வெந்துபோன மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், அந்தச் சொல்லைக் கையில் கொடுத்துப் பேச்சை முடித்துவிடுவோம். உடம்புச் சூடுதான். தலைக்கு எண்ணெய் வை. மணத்தக்காளிக் கீரை சமைத்துச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். நாலு நாளில் ஆறும் புண்ணுக்கு அது போதும். ஆறு மாதமாக, இரண்டு வருடமாக ஆறாத வாய்க்கு? அங்கேயும் இதே வாக்கியங்கள்தான். நோய்க்கும் அவளே காரணம், மருந்தையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றின் உட்பொருள்.

ஆறாத வாய் எதைச் சொல்கிறது, அதைக் கேட்க வேண்டியவர்கள் யார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பார்வைக்கு இது மருத்துவக் கேள்வி. கொஞ்சம் உள்ளே போனால், ஒரு பெண்ணின் உடலை நாம் எதற்காக, யாருக்காக அறிந்துகொள்கிறோம் என்ற அறக்கேள்வியாக மாறிவிடுகிறது.

வாய்க்கும் ஈரலுக்கும் நடுவே

முதலில் மருத்துவம் சொல்வதைப் பார்ப்போம். வாய் லைக்கன் பிளானஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. உள்கன்னத்தில், நாக்கின் ஓரத்தில், ஈறில் வெள்ளை நூலால் பின்னிய வலை போன்ற கோடுகள் தோன்றும். சிலருக்குக் கோடுகளோடு நின்றுவிடும். சிலருக்குத் தோல் சிவந்து உரிந்து புண்ணாகும். மிளகாயும் புளியும் பட்டால் உயிர் போகும். இது தொற்றுநோய் கிடையாது. உடலின் தற்காப்பு அணுக்கள் வாயின் உள்தோலையே எதிரியாக எண்ணித் தாக்குவதால் வருகிறது. உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதிலும் நடுவயதைத் தொட்ட பெண்களுக்கு. முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. எரிச்சலை அடக்கும் ஸ்டீராய்டு களிம்புகள் உண்டு. மிகச் சிலருக்கு, நூறு பேரில் ஒருவருக்கு என்ற அளவில், வருடங்கள் போகப்போகப் புற்றாக மாறக்கூடும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் இதைக் கண்காணிக்க வேண்டிய வாய் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989-ல் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிந்த வேலைக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, லைக்கன் பிளானஸ் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இந்த வைரஸும் இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஜப்பானில் கியூஷு தீவிலும் இத்தாலியிலும் இந்தத் தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இந்த நோய் உள்ளவர்களுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வந்தது. ஆனால் இது எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இல்லை. பிரிட்டனில் தொடர்பு தென்படவில்லை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வைரஸ் ஊரில் எவ்வளவு பரவியிருக்கிறது, மக்களின் மரபணுக்கள் எப்படிப்பட்டவை என்பதைப் பொறுத்து இந்தத் தொடர்பு கூடுகிறது, குறைகிறது.

ஈரல் தன் நோயை வாய் வழியாகக் காட்டும் வழிகள் இன்னும் உண்டு. ஹெபடைடிஸ் சி எச்சில் சுரப்பிகளைத் தாக்கி வாயை உலரவைக்கும். எச்சில் குறைந்தால் பல் சொத்தையாகும், உணவு இறங்காது. ரத்தம் உறைவதற்கான பொருள்களில் பெரும்பாலானவற்றை ஈரல்தான் செய்கிறது. அது சுருங்கிக் கெட்டுவிட்டால், பல் துலக்கும்போதே ஈறில் ரத்தம் கசியும்.

ஈரல் நோய் என்றால் நமக்குத் தெரிந்த அடையாளம் மஞ்சள் காமாலை. கண்ணைப் பார்த்து, நகத்தைப் பார்த்து, சிறுநீரின் நிறத்தைக் கேட்டு, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்போம். இந்தக் கைவைத்தியத்தைச் சென்னையிலேயே ஒருமுறை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பாரூக் பிளம்பெர்க் ஆகியோர் அடங்கிய குழு, கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி-யின் அடையாளம் மறைந்தது என்று 1988-ல் லான்செட் இதழில் எழுதியது. பிற இடங்களில் பின்னர் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வீட்டு அறிவைத் தலையில் தூக்கி வைக்காமலும் காலால் தள்ளாமலும் கேள்வி கேட்டுப் பார்த்த அந்த முறை நமக்கு முக்கியம். ஏனென்றால் ஹெபடைடிஸ் சி-யில் நம் வீட்டு அறிவு நம்பியிருக்கும் அடையாளமே வருவதில்லை. வைரஸ் புகுந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. இருபது, முப்பது வருடம் கண் மஞ்சளாகாது. வலி இராது. சோர்வு மட்டும் இருக்கும். சோர்வாக இல்லாத பெண்ணை யார் பார்த்திருக்கிறோம்? அந்த நீண்ட மௌனத்தில் சிலருக்கு முதலில் பேசுவது வாய்தான்.

பறியைக் கவ்விய வாய்

பொன்னேரி வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி கிடக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கூனங்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், அரங்கன்குப்பம், வைரவன்குப்பம், சாத்தான்குப்பம் என்று கரையோரம் குப்பங்கள். இங்கே ஏரியில் வலை போடும் உரிமை 'பாடு' என்ற முறையில் நடக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. கடலும் ஏரியும் பொதுச்சொத்து என்று எழுதும் அறிஞர்கள் மெச்சிப் பேசும் ஏற்பாடு அது. அந்தப் பாட்டில் இடம் ஆணுக்கு, அவன் வழியாக அவன் மகனுக்கு. மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் பொன்னேரிப் பக்கம் கொண்டுபோய் விற்று, மிஞ்சியதைக் கருவாடாக்கும் பெண்ணுக்குப் பாட்டில் பெயர் இல்லை.

பாட்டுக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஏரியிலும் அதை ஒட்டிய பக்கிங்ஹாம் கால்வாயிலும் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் நீருக்குள் வேலையாக இருக்கும். பிடித்த இறாலைப் போட ஓலையால் முடைந்த பறி வேண்டும். அதை எங்கே வைப்பது? வாயில் கவ்விக்கொள்கிறார்கள். மணிக்கணக்காக, பல்லால்.

இப்படிப்பட்ட ஒரு கரையில் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். பெயர் வேண்டாம். ஐம்பது வயதைத் தொட்டவள். பறியைக் கவ்வுகிறவளாகவோ கூடை சுமக்கிறவளாகவோ இருக்கலாம். ஒன்றரை வருடமாக வாய் எரிகிறது. அவள் வீட்டுக் குழம்பில் மிளகாய்த்தூளும் புளியும் தாராளம். அதைச் சமைப்பவள் அவளே. உப்பும் காரமும் நாக்கில் வைத்துப் பார்ப்பவளும் அவளே. எல்லாரும் உண்டு எழுந்த பிறகு கடைசியாக உட்காருகிறாள். வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். கடைசியாகச் சாப்பிடுகிறவள் என்ன சாப்பிட்டாள் என்று பார்ப்பதற்கு அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. பந்தியில் நடுவில் உட்காரும் ஆணின் வாய் எரிந்திருந்தால் இரண்டாம் நாளே வீட்டுக்குத் தெரிந்திருக்கும். குழம்பின் காரம் குறைந்திருக்கும்.

நம் மொழியில் பெண்ணின் வாயைப் பற்றிய சொற்கள் எத்தனை! வாயாடி, வாய்க்கொழுப்பு, வாய்த்துடுக்கு. நல்ல பெண் என்றால் வாயில்லாப் பூச்சி. உரக்கப் பேசும் பெண்ணை நகரத்து வீடுகளில் ‘மீன்காரி மாதிரிக் கத்தாதே’ என்கிறார்கள். மீன்காரிக்கோ வாய்தான் தொழில்கருவி. ஏலத்தில் விலை கேட்க, தெருவில் கூவ, குறைத்துக் கேட்பவரோடு மல்லுக்கட்ட வாய் வேண்டும். அந்த வாயின் சத்தத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஊரே தயாராக இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து உள்ளே பார்க்க ஆள் கிடைப்பது அரிது.

பார்க்க ஆள் கிடைத்தாலும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். "ஏம்மா, பொயல போடுவியா?" அவசியமான கேள்விதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வாயைக் கெடுப்பவை. வாய்ப் புற்றுக்கு அவை பெரிய காரணம். கேள்வியில் தவறில்லை. "போடுவேங்க" என்று அவள் சொன்னவுடன் விசாரணை முடிந்துவிடுவதில்தான் சிக்கல். காரணம் கிடைத்துவிட்டது, குற்றவாளியும் கிடைத்துவிட்டாள். கன்னத்தின் வெள்ளைக் கோடுகள் புகையிலைக் கறையாகப் படிக்கப்படும். "விட்டுடு, சரியாயிடும்." அவள் விட்டுவிட்டு மறுபடி வந்து "இன்னும் எரியுதுங்க" என்று சொன்னால், அவள் விடவில்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

பிள்ளைக்காகப் பார்த்த ரத்தம்

அரசு மருத்துவமனைகள் அவளை இதுவரை பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஏழைப் பெண்ணின் உடலுக்கும் அரசுப் பதிவேட்டில் பக்கம் இருக்கிறது. அது கர்ப்பத்தில் திறக்கிறது. எடை, ரத்தசோகை, சர்க்கரை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி எல்லாம் அப்போது பார்க்கப்படுகின்றன. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். எதிர்ப்புப் புரதத்தையும் ஊசியாகக் கொடுக்க வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. இந்தியாவில் 2002-ல் சில நகரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2011-க்குள் நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்குமானது. ஒரு தலைமுறை காப்பாற்றப்பட்டிருக்கிறது. இதைக் குறை சொல்ல வரவில்லை.

கேட்க வருவது வேறு. அந்த ரத்தம் யாருக்காகப் பார்க்கப்பட்டது? தாயின் கையிலிருந்து எடுத்த ரத்தம், குழந்தையின் நலனுக்காக. பிரசவம் முடிந்து, குடும்பக் கட்டுப்பாடும் முடிந்தால் பதிவேட்டில் அவள் பக்கம் மெலிந்துவிடுகிறது. லைக்கன் பிளானஸ் பெண்களுக்கு அதிகமாக வரும் வயது, அரசு அவளுடைய ரத்தத்தைக் கேட்டு வாங்கும் காலம் கடந்த வயது. நம் மொழியில் கருப்பையின் திறப்புக்குக்கூட வாய் என்றுதான் பெயர், கருப்பை வாய். மருத்துவம் இந்த ஏழைப் பெண்ணிடம் முதலில் அறிமுகமானது அந்த வாயோடு. உணவு போகும் வாய், சொல் வரும் வாய், வரிசையில் பின்னால் நிற்கிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. இன்று ஐம்பது வயதில் இருக்கும் பெண் 1990-களில் பிள்ளை பெற்றவள். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி அப்போது ரத்தம் ஏற்றியிருக்கலாம். இந்தியாவின் ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2001-ல்தான். அதற்கு முன் ஏற்றிய ரத்தத்தில் அந்த வைரஸ் இருந்ததா என்று பார்க்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. கொதிக்க வைக்காத ஊசியும் ஒரு வழி. எகிப்தில் 1950-களிலிருந்து 1980-கள் வரை நத்தைக் காய்ச்சலுக்கு எதிராக ஊர் ஊராக ஊசி போட்டார்கள். ஊசிகளைச் சரியாகச் சுத்தப்படுத்தாததால் உலகிலேயே மிக அதிகமாக ஹெபடைடிஸ் சி உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. இந்த வைரஸ் பல பேருக்கு வந்த வழி பாவமோ பழக்கமோ இல்லை. சிகிச்சை என்ற பெயரில் நீட்டிய கை வழியாகவே வந்தது. உயிரைக் காப்பாற்றிய அதே பாட்டில் ரத்தம் இருபத்தைந்து வருடம் கழித்து வாயில் எரிச்சலாகத் திரும்பி வரக்கூடும்.

பிள்ளைக்காகத் தாயின் உடலில் ஏற்றப்பட்டது அவள் உடலை என்ன செய்தது என்பதற்கு அயர்லாந்தின் கதை சாட்சி. தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால், அடுத்த குழந்தைக்குத் தீங்கு வராமல் இருக்கத் தாய்க்கு ஆன்டி-டி என்ற ஊசி போடுவார்கள். 1977-லும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் அங்கே பிள்ளை பெற்ற பெண்களுக்குப் போட்ட ஆன்டி-டி-யில் ஹெபடைடிஸ் சி கலந்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தொற்றியது. அது வெளியே சொல்லப்பட்டது 1994 பிப்ரவரியில். நடுவில் பதினேழு வருடங்கள். அந்த வருடங்களில் சோர்வென்றும் மூட்டுவலியென்றும் மருத்துவர்களிடம் போனபோது, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் காலம், பிள்ளை வளர்ப்பின் களைப்பு என்று திருப்பி அனுப்பப்பட்டதைப் பின்னர் அந்தப் பெண்கள் சொன்னார்கள். டொனிகோல் பகுதியைச் சேர்ந்த, பன்னிரண்டு பிள்ளைகளின் தாயான பிரிஜிட் மெக்கோல் வழக்குத் தொடுத்தார். 1996 அக்டோபரில் இறந்துபோனார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒன்றுசேர்ந்து பாசிட்டிவ் ஆக்‌ஷன் என்ற அமைப்பை நடத்தினார்கள். 1997-ல் வந்த விசாரணை அறிக்கை, ஊசி மருந்துக்கு ரத்தநீர் எடுக்கப்பட்ட பெண்ணுக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தது ரத்த வாரியத்துக்கு அப்போதே தெரியும் என்று பதிவுசெய்தது.

டொனிகோலும் பழவேற்காடும் ஒன்றல்ல. அங்கே ஒரே மருந்து, ஒரே வாரியம், வழக்குப் போடும் வசதி. இங்கே சிதறிய ஊசிகள், சிதறிய நினைவுகள். பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பெண் தன் உடலைப் பற்றிச் சொன்னதற்கு, அவள் பெண் என்பதே விளக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நம்பாமையும் சொல்லின்மையும்

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவ அறிஞர் 2007-ல் வெளியிட்ட நூலில் அறிதல் தொடர்பான அநீதி இரண்டு வகை என்று பிரித்துக் காட்டினார். ஒன்று, சொல்பவரின் பால், சாதி, வர்க்கம், நிறம் காரணமாக அவர் சொல்லை நம்ப மறுப்பது. இன்னொன்று, தனக்கு நேர்வதைச் சொல்வதற்கான சொல்லே சமூகத்தின் பொதுக் கையிருப்பில் இல்லாமல் போவது. முதலாவதில் கேட்பவர் காது அடைத்திருக்கிறது. இரண்டாவதில் சொல்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் சொல் இல்லை.

நம் பெண்ணின் வாயில் இரண்டும் நடக்கின்றன. "பொயல போடுவியா" என்பதோடு முடியும் விசாரணை முதல் வகை. 'சூடு' என்ற சொல் இரண்டாம் வகை. சூடு என்ற சொல்லுக்குள் அடுப்படி வெப்பம், தூக்கமின்மை, மாதவிடாய், கோபம், காமம், மிளகாய் எல்லாம் போட்டு வைத்திருக்கிறோம். இத்தனையையும் கொள்ளும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. மூன்று நாள் புண்ணும் மூன்று வருடப் புண்ணும் அதற்குள் ஒன்றாகிவிடும். நாற்பது வருடம் குடும்பத்தின் எல்லா நோயையும் பெயர் சொல்லி அறிந்தவளுக்குத் தன் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

படித்த மருத்துவத்துக்கும் ஒரு சொல்லின்மை உண்டு. அது உடலைத் துறைகளாக வெட்டி வைத்திருக்கிறது. வாய் என்றால் பல் மருத்துவம், ஈரல் என்றால் இரைப்பை-குடல் பிரிவு. பொன்னேரி அரசு மருத்துவமனையைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், வாய்க்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, ஈரலுக்கு ஸ்டான்லி. இரண்டும் வடசென்னையை ஒட்டி, ஒன்றுக்கொன்று அதிகத் தூரமில்லாமல் இருப்பவைதான். ஏரிக்கரையிலிருந்து வருபவளுக்கு அவை இரண்டு நாள், இரண்டு நாள் கூலி, இரண்டு வரிசை, துணைக்கு வரும் மகளின் இரண்டு நாள் விடுப்பு. மணத்தக்காளி தின்னச் சொன்ன பாட்டியின் சிந்தனையில் வாயும் வயிறும் ஒரே உடம்பில் இருந்தன. நவீன மருத்துவம் ஈரலையும் வாயையும் இணைக்கும் அறிவைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த அறிவு ஆய்விதழில் இணைந்தே இருக்கிறது, மருத்துவமனைக் கட்டடங்களில் பிரிந்து கிடக்கிறது. அவற்றை இணைக்கும் வேலை நோயாளியின் கால்களிடம் விடப்பட்டிருக்கிறது.

தெரிந்துகொள்வதன் விலை

இங்கே ஒரு எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ஆறாத வாயோடு வரும் ஒவ்வொரு பெண்ணின் ரத்தத்தையும் ஹெபடைடிஸ் சி-க்குப் பார்க்க வேண்டுமா? இந்தியாவில் தொடர்பு உறுதியாக இல்லை. பலருக்கு ஒன்றும் இராது. இருக்கிறது என்று வந்துவிட்டால் அவள் வாழ்க்கை என்னாகும்? "யாருகிட்டேருந்து வந்துச்சு?" என்று வீடு கேட்கும். ரத்தத்தில் பரவும் நோய் என்றால் நம் ஊர் முதலில் பெண்ணின் நடத்தையைத்தான் சோதிக்கும். தட்டும் டம்ளரும் தனியாகும். கையால் பிடித்த இறாலை வாங்க ஆள் யோசிக்கும். ஹெபடைடிஸ் சி தொட்டால், சேர்ந்து உண்டால், எச்சில் பட்டால் பரவுவதில்லை. அதை ஊருக்கு யார் சொல்வது? அறியாமல் இருப்பதே அவளுக்குப் பாதுகாப்பு என்று தோன்றக்கூடும்.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. அறிவு எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. ஆணுக்குச் செய்தியாக வருவது பெண்ணுக்குத் தீர்ப்பாக வருகிறது. ஆனால் இந்த வாதம் முடிகிற இடத்தைக் கவனியுங்கள். ஊர் அநியாயமாக நடந்துகொள்ளும் என்பதற்காக, அவளுடைய ஈரல் சுருங்க விட்டுவிடலாம் என்று அது சொல்கிறது. ஊரின் குற்றத்துக்கு அவள் உடலால் அபராதம் கட்டுகிறாள்.

இன்னொன்று, காலம் மாறியிருக்கிறது. குணப்படுத்த வழியில்லாத நோயை ஒருவருக்குச் சொல்வதும், மூன்று மாத மாத்திரையில் தீரும் நோயைச் சொல்வதும் அறத்தில் ஒன்றல்ல. சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் கொடுத்தால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸ் போய்விடுகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் ஏறக்குறைய 55 லட்சம், ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம். மருந்து கிடங்கில் இருக்க, இருப்பதே தெரியாமல் ஈரல் கெடுவது விதியின் வேலை ஆகாது. தெரியப்படுத்த வேண்டியவர்கள் செய்யாமல் விட்ட வேலை.

ஆகவே பார்க்கத்தான் வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதில் அறம் இருக்கிறது. எதற்காக இந்த ரத்தம் என்று அவளுக்குப் புரியும் தமிழில் முதலில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். முடிவை அவளிடம், அவளிடம் மட்டும், சொல்ல வேண்டும். கூட வந்த மகனைக் கூப்பிட்டு "அம்மாவுக்கு இப்படி இருக்கு" என்று சொல்வது அன்பாகத் தெரிந்தாலும், அவள் உடலின் செய்தி அவளைத் தாண்டிப் போய்விட்டது. எப்போது ரத்தம் ஏற்றினார்கள், எங்கே ஊசி போட்டார்கள் என்று கேட்கும் கேள்வியில் குற்றம் தேடும் தொனி இருக்கக் கூடாது.

புதிய கட்டடம் எதுவும் இதற்கு வேண்டாம். முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றிலும் புற்றின் அறிகுறி உண்டா என்று பார்ப்பது ஏற்கெனவே அரசுத் திட்டத்தில் இருக்கிறது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறது. அப்படி வரும் செவிலியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும்போது, "எத்தனை நாளா எரியுதும்மா?" என்று ஒரு கேள்வியும், ஆறாத வாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டும் சேர்ந்தால் போதும். அந்தச் செவிலியரும் பெரும்பாலும் பெண்ணாக, ஒப்பந்தக் கூலியில் வீடு வீடாக நடப்பவராக இருப்பார். அவர் தலையில் இன்னொரு வேலையை இலவசமாக ஏற்றிவிட்டு இதைச் சாதனை என்று சொல்லக் கூடாது. கேட்கும் காதுக்கும் கூலி உண்டு.

தொடர்பு இல்லாவிட்டால்?

கடைசியாக ஒரு சந்தர்ப்பம். அவள் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஹெபடைடிஸ் சி இல்லை. ஈரல் நன்றாக இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் வரும். "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அவள் வாய் எரிந்துகொண்டே பஸ் ஏறுவாள்.

மிக எளிதாகத் தவறவிடும் இடம் இது. வாயை ஈரலின் தூதுவனாக மட்டும் மதித்தோமென்றால், தூதில் செய்தி இல்லை என்றானதும் தூதுவனைத் திருப்பி அனுப்பிவிடுவோம். பிள்ளைக்காக மட்டும் அவள் ரத்தத்தைப் பார்த்த அதே பழக்கம்தான் இதுவும். பெண்ணின் ஒரு துயரம் வேறு எதையாவது காட்டிக்கொடுத்தால் மட்டுமே கவனத்துக்கு உரியதாகிறது. கருவைக் காட்டினால், தொற்றைக் காட்டினால், புற்றைக் காட்டினால். வெறுமனே அவளுக்கு வலிக்கிறது என்பது போதவில்லை.

வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லைக்கன் பிளானஸுக்குக் களிம்பு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைப் பார்த்து, புற்றின் சாயல் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். கூர்மையான பல்லைத் தேய்த்துவிடலாம். புகையிலையை விட உதவலாம், குற்றம் சாட்டாமல். வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. அவளுக்கென்று காரமில்லாமல் கொஞ்சம் குழம்பு எடுத்து வைக்கலாம். எல்லாரோடும் அவளும் உட்காரலாம், அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் பார்க்கும்படி.

வாய்க்கும் ஈரலுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த மருத்துவம் நமக்கு ஒரு நல்ல காரணத்தைக் கொடுத்திருக்கிறது. ஆறாத வாயை இனி அற்பம் என்று தள்ள முடியாது, அதன் பின்னால் உயிர் போகும் நோய் இருக்கக்கூடும். அந்தக் காரணத்தைப் பயன்படுத்துவோம், மருத்துவமனையில் வாதாடுவோம், பரிசோதனை கேட்போம். ஆனால் அது நமக்குத் தேவைப்படும் கடைசிக் காரணமாக இருக்கட்டும். முதல் காரணம் அவள் வந்து உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட்டாள்: "வாய் வேகுதுங்க, சோறு எறங்கல." அதற்கு மேல் ஒரு சாட்சி எதற்கு?